ஊர்ப் பெயர் சொல்லாத கதை

1

இந்தக் கதை ஒரு பிறந்தநாள் கேக்கிலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது என் வாசலில் வந்து நின்ற ஓர் ஆளின் பேச்சிலிருந்து பிறந்தது. அவனிடம் பிறகு வருகிறேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: மனிடோபாவில், ரயில் பாதையைத் தாண்டியதும் வலப்புறம் திரும்பினால்—

அடித்துவிட்டேன். மாகாணம் மட்டும் இருக்கட்டும். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

2

எதிர்வீட்டுக்குக் குடிவந்தவளை மார்லீஸ் என்று அழைக்கிறேன். அது அவள் பெயரல்ல. பள்ளிச் சமையலறையில் வேலை. அடித்து நொறுக்கிய கணவனிடமிருந்து தப்பி வந்தவள் என்பதை, ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகிய பிறகே சொன்னாள். எந்தச் சமூக ஊடகத்திலும் அவள் இல்லை. அந்த வீட்டில் அவளும் அவளுடைய—

(இதை முடிக்கப்போவதில்லை. அவளோடு யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது அவள் சொந்த விஷயம்.)

3

மார்லீஸுடன் வேலை பார்த்த ட்வைலாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் நல்லவள். மார்லீஸின் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொண்டுவந்தாள், மெழுகுவர்த்தியை ஊதும்போது படம் எடுத்தாள், பிரியத்தில் தன் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டாள். பெயர் போடவில்லை. ஆனால் மார்லீஸுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கோதுமைக் கிடங்கு. அதன் சுவரில் ஊர்ப் பெயரில் பாதி.

பலர் வாழ்த்தினார்கள். சில நாள் கழித்து, முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரே வரி: 'மஞ்சள் கதவு வீட்டுக்கு அழகா இருக்கு.'

(நிறத்தை மாற்றியிருக்கிறேன்.)

படத்தில் கதவே இல்லை.

ட்வைலா சிரித்துக்கொண்டே அதைக் காட்டியபோது நானும் மார்லீஸ் வீட்டில் இருந்தேன். மார்லீஸ் கையிலிருந்த காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"இதை எப்போ போட்டே?"

"உன் பேரு எங்கயும் இல்லையேடி. கேக்குக்காகத்தான் போட்டேன்."

"என் பேரு அவனுக்குத் தெரியும், ட்வைலா. ஊருதான் தெரியாம இருந்துச்சு."

ட்வைலா அழுதுகொண்டே படத்தை நீக்கினாள். மார்லீஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் எங்களைக் குரல் தாழ்த்திப் பேசச் சொன்னாள். போலீஸுக்குப் போன் செய்தோம். எழுதியது அவன்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். ரோந்து வண்டி ஒன்று தெருவைச் சுற்றிவிட்டுப் போனது. மாலைக்குள் ட்வைலாவின் வண்டியில் மார்லீஸ் கிளம்பிவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரியாததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

4

ஒரு முடிவு: அவன் பிடிபட்டான். எழுதும்போது நிம்மதியாக இருந்தது. நடந்தது வேறு.

மறுநாள் காலை அவன் என் கதவைத் தட்டினான். பூட்ஸிலிருந்த பனியைக் கால்மிதியில் பொறுமையாகத் தேய்த்தான். தன்னை எதிர்வீட்டுக்காரியின் தம்பி என்று சொல்லிக்கொண்டு, அவள் எங்கே போயிருக்கிறாள் என்று பணிவாகக் கேட்டான். தெரியாது என்றேன். அவன் நகரவில்லை.

"நீங்க கதை எழுதுவீங்களாமே மேடம். உங்க பக்கத்துல பார்த்தேன்."

நேற்றுவரை என்னை அவனுக்குத் தெரியாது. என் பக்கத்தில் என் வீட்டுத் தோட்டம் இருக்கிறது, நான் தினமும் நடக்கும் ஆற்றங்கரை இருக்கிறது.

"தமிழ்ல எழுதுறேன். உங்களுக்குப் புரியாது."

"அதுக்கென்ன, போனே மொழிபெயர்த்துக் குடுத்துடும். எழுதுங்க. நான் படிப்பேன்."

5

எழுதாமலிருந்தால் என் வாயையும் அவன் அடைத்ததாக ஆகிவிடும். அதனால் எழுதிவிட்டேன். ஆற்றங்கரைக்கு இப்போது போவதில்லை.

மார்லீஸிடமிருந்து சேதி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது என்றாலும் துப்பு, வரவில்லை என்றாலும் துப்பு. இதைப் படிப்பவர்களில் ஒருவன் அவன்.

மற்றவர்களே, அவளுக்கு ஒரு முடிவை நீங்களே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாக யோசியுங்கள். ஆனால் அதை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.