ஒரே கையெழுத்து

மூன்றாவது கூடையில் பாதி தாண்டியபோதுதான் அந்தப் பெயர் எனக்கு ஒரு மனிதராகத் தெரிந்தது. அதுவரை அது வெறும் எழுத்து. கிண்ணங்களில் 'அழகன்' என்று கீறிப் பழகிய கைக்கு, உடைந்த பானைச் சில்லில் 'தெமேயாஸ்' என்று கீறுவது பெரிய வேலை இல்லை. ஏதென்ஸின் குயவர் தெருவில் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

"யாருக்குங்க இத்தனை சில்லு?" என்று கணவர் தெல்லிஸிடம் கேட்டேன்.

"அந்திமேனஸ் ஐயாவுக்கு. நாளன்னிக்குச் சந்தையில சில்லு போடுறாங்கல்ல, எழுதத் தெரியாதவங்களுக்கு ஒத்தாசையாம்."

"எழுதத் தெரியாத அத்தனை பேருக்கும் ஒரே ஆளையா பிடிக்காமப் போச்சு?"

"உனக்கென்னடி? நீயா போய் சில்லு போடப்போறே?"

பெண்கள் போடுவதில்லை. ஆறாயிரம் சில்லு விழுந்துவிட்டால், அதிகம் பேர் யார் பெயரைப் போட்டார்களோ அவர் பத்து நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும். பத்து வருடம் திரும்பக் கூடாது. குற்றம் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெமேயாஸ் செய்தது இதுதான்: போர்க்கப்பல்களுக்கு அந்திமேனஸ் விற்ற மரத்தை உளியால் குத்திப் பார்த்து, உளுத்தது என்று சபையில் எழுந்து சொன்னார். அப்படி ஒரு கப்பலில்தான் என் தம்பி துடுப்பு வலிக்கப்போகிறான்.

இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே இரண்டு கூடை எழுதிக் கொடுத்தேன். கை எழுதிக்கொண்டிருக்கும்போது மனம் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ள முடிகிறது. அந்த வசதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு.

மறுநாள் மதியம் மூன்றாவது கூடையோடு அந்திமேனஸ் வீட்டு முற்றத்தில் நின்றேன். ஆண்கள் கூடத்தின் கதவு திறந்திருந்தது. தாசோஸ் தீவிலிருந்து வந்த ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒரு நல்ல அரசன். அவன் பிள்ளைங்க கெட்டுப்போவாங்க. அவங்களைத் துரத்திட்டு நாலு பெரியவங்க ஆளுவாங்க. அவங்களுக்கும் ஆசை வந்துரும். அப்புறம் ஜனங்க ஆட்சி. ஜனங்க இனிக்கப் பேசுறவன் பின்னாடி போவாங்க, அவன் கொடுங்கோலன் ஆவான். மறுபடி முதல்லேருந்து. ஊர்னா சக்கரம் மாதிரி. சுத்திக்கிட்டே இருக்கும்."

"வெந்நீர்க் குளியல் வந்ததும் போச்சு, ஆசிரியரே," என்றார் ஒருவர். "சொகுசுதான் ஊரைக் கெடுக்கும்."

"அறியாமை," என்றார் அந்திமேனஸ். "மீன்காரன் கையில ஒரு சில்லு இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவனுக்கே தெரியாது. இவனுங்க கையில ஊரைக் குடுத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். மீன்காரன் கையில் இருக்கப்போவது என் இடுப்பில் கனத்துக்கொண்டிருந்தது.

நான் வாசற்படியில் போய் நின்றது எனக்கே தெரியவில்லை.

"ஐயா, எங்க வீட்டுல சக்கரம் இருக்கு. அது தானா சுத்தாது. யாராவது கையால தள்ளணும்."

அந்திமேனஸின் கண் கூடைக்குப் போய், என் முகத்துக்கு வந்தது.

ஆசிரியர் முகம் மலர்ந்தார். "அடடா! குயவன் பொண்டாட்டி வாயில என்ன ஒரு உவமை! டேய், யாராவது இதைக் குறிச்சுக்குங்கடா."

உவமை. நான் சாட்சி சொன்னேன். அவர் அதை உவமை என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கூடையை வெச்சுட்டுப் போம்மா," என்றார் அந்திமேனஸ், மெதுவாக.

வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, சில்லு முழுவதையும் உரலில் போட்டு இடித்தேன். "நம்ம பொழைப்புல மண்ணைப் போடுறியேடி!" என்று தெல்லிஸ் கத்தினார். நிறுத்தவில்லை.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. வேறு தெருக்களிலும் கூடைகள் நிரம்பியிருந்தன. தெமேயாஸ் ஒன்பதாம் நாள் ஒரு கழுதையோடு போனார். உளுத்த மரம் பலகையாகிக் கப்பலில் ஏறியது. வசந்தத்தில் என் தம்பியும் அதில் ஏறுவான்.

ஆசிரியர் மட்டும் தங்கிவிட்டார். மிகச் சிறந்தவர்களை மக்களால் பொறுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் மக்களாட்சி அழுகுகிறது, தெமேயாஸே அதற்கு உதாரணம் என்று இப்போது பாடம் நடத்துகிறாராம். ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜனங்களே இப்படித்தான்கா," என்றாள் பக்கத்து வீட்டு மிர்ரினே. "நல்லவனை விடமாட்டாங்க."

குடத்தைக் கீழே வைத்தேன்.

"எந்த ஜனம்? இருநூத்திப் பத்து சில்லு நான் எழுதினேன், இந்தக் கையால. எழுதச் சொன்னது அந்திமேனஸ்."

"அய்யோ, மெல்லப் பேசுக்கா! அவரு ஆளுங்க அங்கதான் நிக்கிறாங்க."

நின்றார்கள், இரண்டு பேர். நான் அவர்கள் பக்கம் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.