இருபத்து நாலு முழச் சுவர்

தோவாளைப் பூச்சந்தையில் தாணுலிங்கத்திடம் விலை பேசி ஜெயித்தவர் கிடையாது. தோற்றவர்களும் சிரித்த முகத்தோடுதான் போவார்கள், அதுதான் வியாபாரம். அப்பேர்ப்பட்டவர் தன் பழைய கடைக்கு மேலே மாடி எடுக்க, சந்தை முக்கில் பிளான் வரைந்து கொடுக்கும் நேசையனிடம் வந்தார். வேலை டெல்சியின் கைக்குப் போனது.

டெல்சி அந்த ஆபீசில் மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்புகிறாள். அவள் வரைந்த வீடுகளில் பிள்ளை பிறந்து நடக்கவே தொடங்கிவிட்டது. ஆனால் தாளின் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் எப்போதும் நேசையன் பெயர்தான். இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்டாள். அளவு பிசகாமல் முடித்தால் உன் பெயரையே போட்டுக்கொள் என்று அவரும் சொல்லிவிட்டார்.

தாணுலிங்கம் கொடுத்த துண்டுச் சீட்டில் பின்சுவர் முப்பத்திரண்டு அடி, பக்கச்சுவர் இரண்டும் இருபது, முன்சுவர் முப்பத்தாறு. நாலு மூலையும் மூலைமட்டம் வைத்ததுபோல நேர் என்று அடித்துச் சொல்லியிருந்தார். டெல்சி சுவரின் கனத்தை ஒன்பது அங்குலமாக வைத்து, வெளிவிளிம்பைப் பிடித்து, நீளத்தைத் தட்டித் தட்டி என்டர் அடித்தாள். மூன்று சுவர் சாதுப் பசுபோல நின்றன. நாலாவதாகப் போட்ட முன்சுவர் மட்டும் மூலையைத் தாண்டி நாலு அடி நீட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்து டீக்கடையையும் வரைந்திருந்தால் பாய்லரில் போய் இடித்திருக்கும்.

நேசையன் எட்டிப் பார்த்தார். “பக்கச்சுவர கொஞ்சம் சாச்சு இழுத்துச் சேத்து விடு மக்கா. நாளைக்கு கம்பிக்கு ஆர்டர் கொடுக்கணும்னு அண்ணாச்சி நிக்காரு.”

சாய்த்தால் படம் கேட்கும். மேலே ஏறுகிற உத்தரம் கேட்காது. நாலு அடி கூடுதலாக வெட்டிய கம்பியோடு கொத்தனார் முழித்துக்கொண்டு நிற்கும்போது, தாளின் மூலையில் இருக்கிற பெயரைத்தான் ஊர் வாசிக்கும். டெல்சி டேப்பை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். கூடைகளை ஒதுக்கிவிட்டு முன்சுவர் நெடுக டேப்பை இழுத்தாள். முப்பத்திரண்டு. மறுபடி இழுத்தாள். முப்பத்திரண்டேதான்.

தாணுலிங்கத்துக்கு முகம் சுருங்கியது. மூன்று சுவரை டேப்பால் அளந்தாராம். அதோடு டேப் அறுந்துபோனதாம். முன்சுவரைக் கையாலேயே அளந்தாராம். இருபத்து நாலு முழம். முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் முப்பத்தாறு.

“முப்பது வருசமா பூ அளக்குற கையாக்கும் இது. பிசகாது, பாத்துக்கோ” என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். பிச்சிப்பூ வாங்க நின்ற சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள்.

டெல்சி மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு அடிக்குள் இருபத்து நாலு முழம் அடங்கினால், முழம் ஒன்றுக்குப் பதினாறு அங்குலம். பதினெட்டில் இரண்டு குறைவு. கை பிசகவில்லைதான். முப்பது வருஷமாக ஒரே சீராகக் குறைத்துக் குறைத்து, அதுதான் முழம் என்று கையே நம்பிவிட்டது. ஊருக்குக் காட்டிய கைவரிசையைக் கை இப்போது எஜமானுக்கே காட்டியிருந்தது.

இதை உரக்கச் சொன்னால் மாடியும் போகும், பெயரும் போகும். விழுங்கினால் சுவர் பொய்யாகும். அவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“கைதான் சரின்னா, இந்த டேப்ப வச்சு ஒரு முழத்த அளந்து பாத்துருவமா அண்ணாச்சி? எல்லாரும் நிக்காவ.”

தாணுலிங்கம் அவளைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். சண்முகவடிவைப் பார்த்தார். சரக்கு அறிந்த வியாபாரி. ஒரு நொடியில் விலை படிந்தது.

“டேப்பு சொன்னா டேப்புதான் மக்கா. முப்பத்திரண்டே போடு.” பிறகு மெதுவாக, “நீ வெளஞ்ச வித்தாக்கும் டீ” என்றார். கெட்டிக்காரிக்கு அந்தச் சந்தையில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

சண்முகவடிவு விடுகிறவள் இல்லை. அந்த டேப்பைக் கொஞ்சம் இங்கே கொண்டுவா என்றாள். தாணுலிங்கம் முந்திக்கொண்டு சரத்தை எடுத்து, முழங்கையைத் தாண்டி இரண்டு விரல் விட்டு அளந்து, அதற்கு மேல் ஒரு சாணும் கிள்ளிக் கொடுத்தார்.

டெல்சி ஆபீசுக்கு வந்து முப்பத்தாறை அழித்து முப்பத்திரண்டைத் தட்டினாள். நாலு மூலையும் கச்சிதமாகச் சேர்ந்தன. அண்ணாச்சி எப்படி ஒத்துக்கொண்டார் என்று நேசையன் வியந்தார். அளந்து காட்டினேன் சார் என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

‘வரைந்தவர்’ கட்டத்தில் ஜெ. டெல்சி என்று அடித்தாள். எழுத்து சின்னதாகத் தெரிந்தது. இரண்டு அளவு கூட்டினாள்.