முகம் போட்டவள்

பொர்கெத்தோ ஊர் மாதா கோயில் முற்றத்தில், தரையில் படம் வரைய ஓர்னெல்லாவுக்குக் கொடுத்த கட்டம் கழிப்பறைப் பக்கம் இருந்தது. புதியவர்களுக்கு எப்போதும் அங்கேதான் இடம். இருபது வருடமாக ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்து இதே தார்த்தரையில் மண்டி போட்டுத் தேய்கிறவள் புதியவளாம்! பதிவு மேசைப் பெண் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்க பேர்ல இதுக்கு முன்னாடி ஒரு படமும் இல்லையேம்மா.”

இல்லைதான். எல்லாப் படமும் தூல்லியோ பேரில் இருந்தது. தூல்லியோ அவள் புருஷன். திருவிழாப் போட்டியில் ஆசான் பட்டம் வாங்கியவன். கோயில் வாசலுக்கு நேர் எதிரே, மர நிழலில், அகலமான கட்டம் அவனுக்கு.

தரையில் சாக்பீஸால் மாதாவை வரைகிறவர்களை அங்கே மாதாக்காரர்கள் என்பார்கள். முகமும் கையும்தான் அந்தத் தொழிலில் உயிர். வெயில் ஏறினால் உள்ளங்கை வியர்த்து, பொடியெல்லாம் சேறாகிவிடும். அதனால் முகத்தை விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும். முடிக்கிறவள் ஓர்னெல்லா. கூட்டம் வரும் நேரத்தில் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து மேகம் தேய்த்துக்கொண்டிருப்பாள். தூல்லியோ மாதாவின் கன்னத்தருகே சாக்பீஸைப் பிடித்தபடி கேமராக்களுக்குப் போஸ் கொடுப்பான். நடுவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் விடியற்காலையில் எழுந்து பழகியவர்கள் இல்லை. மாதாக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருத்தர்கூட வாயைத் திறந்ததில்லை.

போன குளிர்காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் கண்களை எப்படி வரைகிறீர்கள் என்று கேட்டார்கள். தூல்லியோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். கை தானா போகும்” என்றான். ஓர்னெல்லா அடுப்படியில் பூசணிக்காய்ப் பூரணம் வைத்து மாவு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபமா? மண்டி போட்டுத் தேய்ந்தது யார் முட்டி? மறுநாளே தன் பேரில் தனிக் கட்டம் கேட்டு எழுதிப் போட்டாள்.

“போட்டுக்கோயேன், யாரு வேணாங்கிறா?” என்றான் தூல்லியோ. அவன் கெட்டிக்காரன். இந்த வருடம் அவன் வரைந்தது முதுகைக் காட்டி நிற்கிற மாதா. நீல அங்கி, அதன் மடிப்புகள், மேலே வெறும் பிடரி. அங்கி மடிப்பில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை மறுக்கக் கூடாது. காற்று வீசுகிற மாதிரியே இருந்தது.

ஓர்னெல்லா தண்ணீர் பிடிக்கப் போனபோது நடுவர் தலைவர் காஸ்தால்தி அந்தப் பிடரியின் முன்னால் நின்று உருகிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பேராசிரியர், வைக்கோல் தொப்பி, கைத்தடி.

“முகத்துக்கே பேர் போன ஆசான், முகத்தையே மறைச்சிருக்காரு! என்ன துணிச்சல்!”

ஓர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு தன் கட்டத்துக்கே திரும்பினாள். அங்கே அவளுடைய மாதா, கையில் குழந்தையோடு, வருகிறவர்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் போட்டதிலேயே நல்ல முகம் அதுதான். அவளுக்கே தெரியும். இதற்குப் பட்டம் கிடைக்காவிட்டால் வேறு எதற்கும் கிடைக்காது.

கொஞ்ச நேரத்தில் காஸ்தால்தி வந்தார். பின்னால் கூட்டம், கூட்டத்தோடு தூல்லியோ. பேராசிரியர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“அருமை. ஆனா இது தூல்லியோவோட கைதாம்மா. அந்த இமை, அந்த உதட்டோரம், அப்படியே அச்சு. கூடவே இருந்து நல்லா கத்துக்கிட்டிருக்கீங்க. அடுத்த வருஷம் உங்க சொந்தக் கையோட வாங்க.”

ஓர்னெல்லா புருஷனைப் பார்த்தாள். அவன் அடக்கமாகப் புன்னகைத்துக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தான்.

“சொல்லு” என்றாள்.

“என்னத்த சொல்றது? வீட்டுல பேசிக்கலாம், ஓர்னெல்லா.”

“வீட்டுல இருபது வருஷமா பேசியாச்சு. இங்க சொல்லு.”

அவன் பேராசிரியருக்கு வழிவிடுகிற மாதிரி நகர்ந்துகொண்டான். பக்கத்துக் கட்டத்தில் நீவெஸ் இருந்தாள். விடியற்காலையில் ஒரே குடுவையிலிருந்து காப்பி குடிக்கிற சிநேகிதி.

“நீவெஸ், நீயாவது சொல்லுடி. விடியக்காலைல முகம் போடுறது யாரு?”

நீவெஸ் சாக்பீஸ் டப்பாவுக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டாள். “உங்க குடும்ப விஷயத்துக்குள்ள என்னைய ஏன்டி இழுக்கிற?”

புருஷன் வாயை மூடிக்கொண்டதைவிட இது அதிகமாகச் சுட்டது. ஓர்னெல்லா தன் படத்தருகே மண்டியிட்டாள். உள்ளங்கையை மாதாவின் இடது கண்மேல் வைத்து ஒரே இழுப்பில் தேய்த்து அழித்தாள். கூட்டம் “ஐயோ மாதாவே!” என்றது.

“பேராசிரியரே, மணி அடிக்கிறவரைக்கும் சிஷ்யை படத்துல ஆசான் கை வெக்கலாம். முறைதானே?”

“தாராளமா! அது பெரிய மரியாதை ஆச்சே.”

“அப்ப வாங்க ஆசானே. உங்க கண்தானே அது? ஒண்ணு அழிஞ்சுபோச்சு. போட்டுக் குடுங்க.”

காஸ்தால்தி நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. தூல்லியோவுக்கு ஓட வழியில்லை. சாக்பீஸை வாங்கினான், மண்டியிட்டான்.

“ஏன் இப்படிப் பண்ற?” என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

“கண்ணை மூடி ஜெபம் பண்ணு. கை தானா போகும்.”

அவன் ஒரு கோடு போட்டான். அதைத் தேய்த்துவிட்டு இன்னொன்று போட்டான். நெற்றி வேர்வை சொட்டி மாதாவின் கன்னத்தில் விழுந்தது. கடைசியில் வந்தது, சந்தையில் ஐஸ்மேல் கிடக்கிற மீனுக்கு இருக்குமே, அந்தக் கண். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் அதை அழித்துவிட்டு மறுபடி போட்டான். இன்னும் மோசமாக வந்தது.

“வெயில்... கை வியர்க்குது, பாவம்” என்றார் பேராசிரியர். யாரும் தலையாட்டவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோயில் மணி அடித்தது.

மணி அடித்தபின் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கீழே பேர் மட்டும் எழுதலாம். ஓர்னெல்லா வெள்ளைச் சாக்பீஸை எடுத்து, தூரத்திலிருந்து வருகிறவனும் படிக்கிற மாதிரி பெரிதாக எழுதினாள்: வலது கண் ஓர்னெல்லா. இடது கண் தூல்லியோ.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் பரிசுகளை வாசித்தார்கள். பிடரிக்குப் பரிசு உண்டு. ஓர்னெல்லாவின் பேர் வரவில்லை. ஆனால் பிடரியைப் பார்க்க ஆளில்லை. கூட்டமெல்லாம் கழிப்பறைப் பக்கம் நின்றது. வருகிறவர்கள் வலது கண்ணைப் பார்த்தார்கள், இடது கண்ணைப் பார்த்தார்கள், கீழே படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீவெஸ் ரொட்டியில் சூடான பன்றி சாசேஜ் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எல்லாருக்கும் தெரியும்னு அப்பவே சொல்லியிருக்கணும்டி. நான் சொல்லல. தப்புதான்.”

“இப்ப சொல்லி யாருக்குப் பிரயோஜனம்? கொண்டு போ.” பசி வயிற்றைக் கிள்ளியது. இருந்தும் அவள் அதைத் தொடவில்லை. கோபம் கொஞ்சமும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றிருந்தது.

கூட்டம் சற்று விலகியபோது தூல்லியோ வந்தான். பரிசுக் கேடயத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான்.

“படம் அப்படியே கிடக்கட்டும். என் பேரையாவது அழிச்சிடு ஓர்னெல்லா. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் போட்ட அத்தனைக்கும் உன் பேர எழுதிக்கிட்ட. இது ஒண்ணுதான் நீ போட்டது. இதுக்கு மட்டும் எதுக்கு உன் பேரு வேணாங்கிற?”