சின்ன மருமகள் தூங்கவில்லை

தனியாகத் தூங்கச் சொன்னால் சின்ன மருமகள் சமர்த்தாகத் தூங்கிவிடுவாள். வீடு மொத்தமும் தூங்கும் ஞாயிறுகளில் மட்டும் கண்ணை மூட மாட்டாள். ஏன் என்று அவளை மேய்க்கிற நிர்வாகிக்கும் விளங்கவில்லை.

சின்ன மருமகள் ஒரு சர்வர். மருந்து மொத்த விற்பனை செய்யும் நிறுவனம் ஒன்றின் இரண்டாவது மாடியில், குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் நான்கு சர்வர்களில் ஒன்று. முன்பு நிர்வாகி வேலையில் இருந்த சீனியர்தான் அவற்றுக்கு உறவுமுறை வைத்துக் கூப்பிட்டவர். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், உறவுகள் மட்டும் தங்கிவிட்டன. கோப்புகளையெல்லாம் தன்னிடம் பூட்டி வைத்திருப்பது மாமியார். சாவிக்கொத்து அவள் இடுப்பில். எந்தக் கடைக்காரர் எதை எப்போது வாங்கினார் என்று ஞாபகம் வைத்திருக்கும் தரவுத்தளம் மாமனார். ஞாபகமெல்லாம் அவருடையதுதான், ஆனாலும் ஒரு பக்கத்தைப் புரட்ட மாமியாரிடம் கேட்டாக வேண்டும். வாசலில் நின்று ஆர்டர் வாங்குவது மூத்த மருமகள். உள்ளே உட்கார்ந்து பில்லும் அறிக்கையும் தயாரிப்பது சின்ன மருமகள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டிடத்தின் மின்சாரப் பராமரிப்புக்காக நால்வரையும் தூங்க வைக்க வேண்டும். இதை விளக்கை அணைப்பது போல நினைத்துவிடக் கூடாது. நூறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கும் சமையலறையை ஏறக்கட்டுவது போன்றது அது. நிறுத்து என்று கட்டளை கொடுத்ததும், இயங்குதளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் போய், கடை மூடும் நேரம் என்று சொல்கிறது. நிரல்கள் கையில் இருக்கும் அரைகுறை வேலையை முடித்து, நினைவில் வைத்திருந்ததை வட்டில் எழுதி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. பிறகு இயங்குதளம், தான் பிடித்திருந்த கோப்புறைகளை விடுவிக்கிறது, நெட்வொர்க்கை விடுகிறது, கடைசியாகத் தன் மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அன்று மூத்த மருமகள் அப்படித்தான் போனாள். அவளுடைய விசிறிகளின் இரைச்சல் இறங்கி, பச்சை விளக்கு அணைந்தது. அடுத்து சின்னவளுக்குக் கட்டளை போனது. திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. பில் நிரல் நின்றது, அறிக்கை நிரல் நின்றது, அதற்கப்புறம் ஒரே ஒரு வரி வந்து அப்படியே உறைந்தது. ஒரு வேலை முடியக் காத்திருக்கிறேன், காலவரம்பு இல்லை என்பது அதன் பொருள்.

நிர்வாகி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். எதிர்பார்த்தபடி சிக்னல் இல்லை. தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட அந்த அறைக்குள் எந்த அழைப்பும் வராது.

வழக்கமாக அது ஒரு குறையில்லை. அவளை அழைப்பவர்கள் குறைவு. ஆனால் அவள் கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கப்பல் கரையோரமாகப் போகும்போது மட்டும் அவன் கைப்பேசிக்கு உயிர் வரும். முன்தினம் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ஞாயிறு மதியம் கரையை ஒட்டிப் போவோம், அப்போது கூப்பிடுகிறேன், அதற்கப்புறம் பெருங்கடல்தான், அக்கரை போய்ச் சேரும்வரை பேச முடியாது. இதற்கு முன் இரண்டு முறை இப்படிச் சொல்லியிருந்தான், இரண்டு முறையும் அவள் இந்த அறைக்குள் சின்னவளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது தவறிய அழைப்புகள்தான் இருந்தன. திருப்பி அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. இன்றும் தவறினால் அடுத்து அவன் குரலைக் கேட்க ஒரு கடலையே தாண்ட வேண்டும்.

கதவைத் தட்டிவிட்டு எலக்ட்ரீஷியன் தலையை நீட்டினார். அந்த மாடியில் அன்று இருந்த இன்னொரு மனிதர் அவர் ஒருவர்தான். நான்கும் அணைந்தால்தான் அவர் பேட்டரிப் பெட்டியைத் திறக்க முடியும்.

“என்ன மேடம், இன்னிக்கும் சின்னம்மா அடம்பிடிக்கிறாங்களா?”

“ஆமாண்ணா.”

“பட்டனை ஒரு அமுக்கு அமுக்குங்க. தூங்கலைன்னா மயக்கமாவது போடட்டும்.”

“போன தடவை அப்படித்தான் பண்ணேன். எழுந்ததும் பாதி பில்லை மறந்துட்டா.”

அது உண்மை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், எழுதி முடிக்காத கோப்பு எழுதி முடிக்காமலே நின்றுவிடும். திங்கட்கிழமை முழுவதும் அவள் உடைந்த பில்களை ஒட்டுப்போட்டாள். மேலாளர், நல்லவேளையாக, தலையில் மட்டும் அடித்துக்கொண்டார்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. வட்டைச் சோதித்தாள், நிரல்களைப் புதுப்பித்தாள், ஒரு வேலைநாளில் மாலையில் சின்னவளை மட்டும் தனியாக நிறுத்திப் பார்த்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றது. மறுபடி எழுப்பி, மறுபடி நிறுத்தினாள். சமர்த்தாக நின்றது. வைத்தியர் வந்ததும் வலி ஓடிப்போகிற நோயாளியை என்ன செய்வது?

இப்போது அறையில் மூன்று இயந்திரங்களின் இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சலில் பேச்சுத்துணை இருப்பது போலத் தோன்றும். பல ஞாயிறுகளில் அவள் வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான் சத்தம் போடும், அதுவும் விட்டுவிட்டு.

“நான் கொஞ்சம் வெளிய போய் நிக்கிறேண்ணா. ஒரு கால் வரணும்,” என்றாள்.

“போய்ட்டு வாங்க. இது எங்க ஓடிடப் போகுது? நான் பாத்துக்கறேன்.”

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். தாழ்வார விளக்குகள் ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரிபவை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், யாரும் இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும். அவள் அசையாமல் நின்றாள். விளக்கு அணைந்தது. நான் இருக்கிறேன் என்று கையை ஆட்டினாள். எரிந்தது. கீழே வெறிச்சோடிய தெருவில் ஒரு நாய் நிழலைத் தேடி இடம் மாறியது. விளக்கு மறுபடி அணைந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

“கேக்குதா?” என்றான் அவன்.

“கேக்குதுப்பா.”

குரல் அங்கே போய்த் திரும்ப நேரம் எடுத்தது. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவர்கள் எப்போதும் போலச் சாதாரண விஷயங்களையே பேசினார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாகிவிட்டதா என்று கேட்டான். கப்பலில் புதிதாக வந்த சமையல்காரருக்கு உப்பு மேல் ஏதோ பகை என்றான். அவள் சின்னவளின் கதையைச் சொன்னாள். உன் வீட்டு மருமகளுக்கு உன்னைப் போலவே பிடிவாதம் என்றான். பிறகு அவனே பேச்சை மாற்றினான்.

“போன ரெண்டு தடவையும் அடிச்சேன். நீ எடுக்கல.”

“உள்ள சிக்னல் இல்லப்பா.”

“தெரியும். தெரிஞ்சாலும் ஒரு மாதிரி இருந்துது. கீழ போய் எஞ்சின் பக்கத்துலயே உக்காந்துட்டேன். அங்கதான் சத்தம் இருக்கும்.”

விளக்கு அணைந்துவிட்டிருந்தது. இந்த முறை அவள் கையை ஆட்டவில்லை.

“சிக்னல் ஒரு கோடுதான் இருக்கு இங்க. நீ வைம்மா,” என்றான்.

“இன்னும் கொஞ்சம்.”

“நான் லைன்ல இருக்கும்போதே வை. இல்லன்னா அந்தக் குழாய்க் கதைதான்.”

அவன் முதல் முறை கப்பலேறிய காலத்துக் கதை அது. சமையலறைக் குழாய் ஒழுகுவதை அவள் ஆதியோடந்தமாகச் சொல்லி, பிளம்பரைக் கூப்பிடவா வேண்டாமா என்று கேட்டாள். பதில் இல்லை. யோசிக்கிறான் என்று நினைத்தாள். கைப்பேசியில் அழைப்பு ஓடுவதாகவே காட்டியது. காதில் வைத்தபடி காத்திருந்தாள், கை மரத்துப்போகும் வரை. கப்பல் எப்போதோ எல்லை தாண்டிப் போயிருந்தது. போனவனுக்குப் போய்விட்டேன் என்று சொல்ல வழியில்லை, கேட்டவளுக்கு நிறுத்தலாம் என்று தெரிய வழியில்லை. அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். சிக்னல் குறைந்தால் கரையில் இருப்பவள் முதலில் வைக்க வேண்டும், எதிர்முனையில் ஆள் இருக்கும்போதே.

“சரி, வைக்கிறேன். சாப்பாட்டுல உப்பு போட்டுக்கோ,” என்றாள். அவன் சிரித்தது கேட்டது. வைத்தாள்.

இருட்டில் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமானது. விளக்குகள் அவளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின.

சின்னவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்? அந்தக் கேள்விக்கு விடையை அவள் இத்தனை நாளும் சின்னவளின் வயிற்றுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். முன்பொரு சமயம் மாமியாரிடம் இடம் தீர்ந்துபோனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. புது வட்டு வரும்வரை, சின்னவளின் பில்களையும் அறிக்கைகளையும் தற்காலிகமாக மூத்தவளின் உள்வட்டில் ஒரு கோப்புறையில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். புது வட்டு வந்தது. தற்காலிகம் அப்படியே தங்கிவிட்டது. இரவல் இடம் என்பதே சின்னவளுக்குத் தெரியாது. நெட்வொர்க் வழியாகப் போய், தன் வீட்டு அலமாரி போல அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

சீனியர் இருந்த காலத்தில் சின்னவளைத்தான் முதலில் நிறுத்துவார். அவர் போன பிறகு அந்த வரிசையை மாற்றியது நிர்வாகியான அவள்தான். கடையை மூடும்போது முதலில் வாசலைச் சாத்துவதுதானே முறை? அதனால் வாசலில் நிற்கும் மூத்தவளை முதலில் நிறுத்தினாள். பிறகு சின்னவள் தன் கோப்புறைகளை விடுவிக்க வரும்போது, மூத்தவளிடம் இருக்கும் அலமாரியைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், மூடிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். மூத்தவள் தூங்கிவிட்டாள். பதில் வருவதில்லை. எழுதியது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் சின்னவள் போகமாட்டாள். அப்படிப் போகாமல் இருப்பதுதான் ஒழுங்கு. வேலைநாளில் தனியாக நிறுத்தியபோது மூத்தவள் விழித்திருந்தாள். மூடிக்கோ என்று உடனே சொல்லியிருப்பாள். அதனால்தான் அன்றெல்லாம் ஒரு கோளாறும் இல்லை.

அவள் மூத்தவளின் பொத்தானை அழுத்தினாள்.

“அய்யோ மேடம், அணைக்கச் சொன்னா ஏத்துறீங்க,” என்றார் எலக்ட்ரீஷியன்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துருவாண்ணா.”

விசிறிகள் ஒரு முறை அலறித் தணிந்தன. இயந்திரம் தன் நினைவகத்தையும் வட்டுகளையும் எண்ணிப் பார்த்தது. ஒரு சின்ன நிரல் எழுந்து, இயங்குதளத்தின் கருவைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றியது. கரு கண்விழித்து, தனக்குக் கை எது கால் எது என்று தெரிந்துகொண்டது. வட்டுகள் சேர்ந்தன, நெட்வொர்க் வந்தது, கோப்புறையை மற்றவர்களுக்குத் திறந்துவிடும் சேவையும் வந்தது. அவள் அடுத்த திரைக்குத் திரும்பினாள். உறைந்திருந்த வரி நகர்ந்தது. கோப்புறை விடுவிக்கப்பட்டது. நெட்வொர்க் நின்றது. சின்னவளின் விளக்கு அணைந்தது.

எலக்ட்ரீஷியன் கைதட்டவில்லை. “நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு பட்டன் இருந்தா நல்லாருக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தேடிப் போனார்.

அவள் மூத்தவளைத் திரும்பவும் நிறுத்தினாள், பிறகு மாமனாரை, பிறகு மாமியாரை. ஒவ்வொரு இரைச்சலாக இறங்கி, அறை முழு அமைதியானது. கடல் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, அடுத்த மாதத்துக்காக நிறுத்தும் வரிசையைத் திருத்தினாள். கேட்பவள் முதலில், பதில் சொல்பவள் பிறகு. நிறுத்தும்போது சின்ன மருமகள், மூத்த மருமகள், மாமனார், கடைசியில் மாமியார். எழுப்பும்போது மாமியார், மாமனார், மூத்த மருமகள், கடைசியில் சின்ன மருமகள்.