நூறாவது நோயாளியும் திராட்சைத் தோலும்

மருத்துவ வரலாறு தன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் தருணம் நெருங்கிவிட்டது. வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு, இம்மருத்துவமனையின் ரோபோ தன் நூறாவது அறுவை சிகிச்சையை நிகழ்த்தவிருக்கிறது. அனைவரும் வருக. சிற்றுண்டி உண்டு.

வாசலில் கட்டியிருந்த பேனர் இப்படிச் சொன்னது. அதில் ரோபோ பெரிதாக இருந்தது. பெரிய டாக்டர் ரோபோவைவிடப் பெரிதாக இருந்தார். நோயாளியின் படம் இல்லை. நோயாளி கீழே நின்று படித்துக்கொண்டிருந்தார்.

அவர் முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சிறுநீரில் ரத்தம் வந்து, குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்: "புத்துநோய்க் கட்டி தசைக்குள்ள இறங்கிருச்சு. மூத்திரப்பையையே எடுத்தாகணும். நாள் கடத்தாதீங்க." அது ஆறு வாரத்துக்கு முன். அதற்குள் தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டது. நூறாவதுக்குச் சிறப்பு விருந்தினர் தேதி தர வேண்டுமாம். இரண்டு தரம் தள்ளிப்போட்டார்கள்.

"மாமா, நூறுன்னா சும்மாவா? செஞ்சுரி!" என்று குதித்தான் மனைவியின் தம்பி.

"செஞ்சுரி அடிக்கிறது அவங்கடா. பந்து நான்."

வியாழனன்று ரோபோவை அரங்கத்துக்கே உருட்டி வந்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். லிஃப்ட்காரர் முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், பச்சை அங்கியில், வெறும் வயிற்றோடு. பக்கத்தில் மடியில் ஃபைலோடு மனைவி. "இந்தக் கைகள் நடுங்காது, களைக்காது, லீவு கேட்காது" என்று பெரிய டாக்டர் ஒன்றேகால் மணி நேரம் களைக்காமல் பேசினார்.

பிறகு சிறப்பு விருந்தினர் உட்கார்ந்து, ரோபோவின் கத்தரியால் ஒரு திராட்சைப் பழத்தின் தோலை உரித்தார். கரகோஷம். உடனே நிர்வாகக் குழுவினருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொருவரும் கத்தரியைத் தம் கையாலேயே மாட்ட வேண்டும், உரிக்க வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட்காரரின் கண் ரோபோவின் திரை மூலைக்குப் போயிற்று. ஆறு. ஐந்து. நான்கு. எண் குறைந்தால் எதுவோ கீழே போகிறது என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மெஷின் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அது என்ன நம்பர்?"

"கத்தரியோட ஆயுசு சார். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒண்ணு குறையும். பூஜ்யம் வந்துட்டா மெஷின் ஏத்துக்காது."

"வேற கத்தரி?"

"ஆர்டர் போட்டிருக்கு."

மூன்று. இரண்டு. லிஃப்ட்காரர் அங்கியின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, எனக்கு ஒண்ணு மிச்சம் வைங்கய்யா!"

நோயாளி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று கூட்டம் கைதட்டியது. கடைசித் திராட்சையைப் பெரிய டாக்டரின் மாமனார் உரித்தார். பூஜ்யம்.

விஷயம் தெரிந்ததும் பெரிய டாக்டர் இறங்கி வந்து தோளில் கை வைத்தார். "கவலையே படாதீங்க. பத்தே நாள். புதுக் கத்தரி வந்ததும் நீங்கதான் முதல் ஆள்."

"நேத்து வரைக்கும் நூறாவது ஆளு, இப்ப முதல் ஆளா?" என்று மனைவி எழுந்தாள். "உள்ள இருக்கிற கட்டிக்கு எண்ணத் தெரியாது டாக்டர்! அது பாட்டுக்கு வளரும்!"

லிஃப்ட்காரர் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். "நான் பட்டினியா வந்திருக்கேன். அறுத்தாதான் எந்திரிப்பேன். கையால அறுக்கத் தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட இல்லையா?"

பெரிய டாக்டர் தம் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த நாளில் திராட்சைத் தட்டு ஏந்தும் பொறுப்பு, குழாய் விட்டுப் பார்த்த அதே டாக்டரம்மாவுக்குத் தரப்பட்டிருந்தது. அவள் தட்டைச் சிறப்பு விருந்தினர் மடியில் வைத்தாள்.

"நான் பண்றேன். தியேட்டர் காலியாத்தான் கிடக்கு. எல்லாரும்தான் இங்க இருக்கீங்களே."

ஆறு மணி நேரம் ஆயிற்று. நூறாவது சிகிச்சை சிறப்புற நிறைவேறியது என்று மாலையில் அறிக்கை வந்தது. யார் நிறைவேற்றியது என்று அதில் இல்லை. நாலாம் நாள் மைத்துனன் கட்டிலருகே குனிந்து, "மாமா, ரோபோ எப்படி?" என்றான்.

"நல்லா இருக்காம். ரெஸ்ட்ல இருக்கு."

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கட்டி முழுவதும் எடுபட்டிருந்தது. இனி அவருடைய சிறுநீர் வயிற்றில் ஒட்டிய பையில் சேரும்; நாலு மணி நேரத்துக்கொரு தரம் காலி செய்ய வேண்டும்.