நுரை போட்டது யார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில். கடையில் நாற்காலிகள் இரண்டு, வெட்டுபவர் ஒருவரே.

"உங்க மச்சினர் எங்கே?" என்றேன்.

"மீனால போயிட்டான் சார்" என்றார் கடைக்காரர்.

கத்தரிக்கோல் காதருகே இருக்கும்போது மேற்கொண்டு கேட்பது புத்திசாலித்தனமன்று. கேட்டேன். பிள்ளைகளுக்கு நீதிக்கதை எழுதிக் காக்கையையும் நரியையும் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு மீன் எம்மாத்திரம்?

2

முதல் தொடக்கம்: 'ஒரு கண்ணாடித் தொட்டியில் கர்வம் பிடித்த மீனொன்று வாழ்ந்துவந்தது.'

(அடித்துவிட்டேன். மீனுக்குக் கர்வம் இருந்ததற்குச் சான்றில்லை. அது வேறொருவரிடம் இருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: கடைக்காரர் கடையில் வைக்க வாங்கிவந்தது நீல நிற ஃபைட்டர் மீன். "தனியா வைங்க. இன்னொண்ணச் சேர்த்தா கிழிச்சுப் போட்டுடும்" என்றார் விற்றவர். அதற்குமுன் மீன் வளர்த்தறியாத கடைக்காரர் அதை வேதவாக்காகக் கொண்டார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஆறவைத்து ஊற்றினார். தீனியை அளந்து போட்டார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை என்பது மனைவியின் கட்சி.

3

ஒரு காலை, நீர்ப்பரப்பில் நுரை. வழித்தெறிந்தார். மறுநாளும் நுரை. சவரக் கடையில் நுரை வேறு எங்கிருந்து வரும்?

"மாப்ள, பிரஷ்ஷப் பாத்து உதறுன்னு எத்தன தடவ சொல்றது? வாயில்லா ஜீவன் சோப்பக் குடிச்சே சாகப்போகுது."

"நான் அந்தப் பக்கமே போகல மாமா."

"அப்ப மீனே ஷேவிங் பண்ணிக்குதா?"

நாற்காலியில் இருந்தவரும் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். (தனியாகச் சொல்லியிருந்தால் ஆறிப்போயிருக்கும்.) மைத்துனன் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் கடைக்காரர் பூட்டைத் திறந்தார். நுரை இருந்தது.

குனிந்து பார்த்தார். மீன் மேலே வந்து, காற்றை வாயில் வாங்கி, ஒரு குமிழியை ஊதி, மற்றவற்றோடு ஒட்டிவிட்டுக் கீழே போயிற்று. மறுபடியும் வந்தது. குஞ்சுகளுக்காக ஆண் மீன் கட்டும் கூடு அது. துணை இல்லாவிட்டாலும் கட்டும். அவர் வழித்தெறிந்தது அதன் வீட்டை.

'ஆதலால் பிள்ளைகளே, ஆராயாமல் ஒருவர்மேல் பழி'

(நீதி மிகச் சரியாக வந்துகொண்டிருந்தது. யாருக்கும் பயன்படாது என்று நிறுத்திவிட்டேன்.)

4

கதையை முடிப்பது என் பாடு. மைத்துனனை அழைத்துவருவது அவர் பாடு. அவர் இரண்டையும் என் தலையில் கட்டினார்.

"என்ன சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுங்க சார். மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

எழுதினேன்.

'மாப்ள, அந்த மீன் பண்ணின வேலையப் பாத்தியா'

'மாப்ள, மீன் கூடு கட்டும்னு எவன் கண்டான்'

'மாப்ள, மீன் வித்தவனாவது ஒரு வார்த்த'

மூன்றையும் அவர் மனைவியிடம் படித்துக் காட்டினோம்.

"என் தம்பிய அத்தன பேர் முன்னால அவமானப்படுத்தினது மீனா? மீன விட்டுட்டு ஒரு வார்த்த பேச வராதா உங்களுக்கு?"

அந்த 'உங்களுக்கு' ஒருவருக்கா, இருவருக்குமா என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. கடைசியில், மீன் இல்லாத வாக்கியம் ஒன்றைக் கடைக்காரரே தட்டுத்தடுமாறிச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

'தப்பு என்னுது. வா மாப்ள.'

5

மைத்துனன் இப்போது வேறொரு தெருவில் வேறொரு கடையில். நான் எழுதிவைத்திருந்த முடிவுகள் இரண்டு. ஒன்றில் அவன் அழுதுவிடுகிறான் (நாடகம்). மற்றதில் கடைக்காரர் வாசலோடு திரும்பிவிடுகிறார் (அலைந்த செருப்புத்தான் மிச்சம்).

துணைக்குப் போன நான் படியோடு நின்றுகொண்டேன். கடைக்காரர் உள்ளே போனார். வாயெடுப்பதற்குள், கைவேலையை நிறுத்தாமலே மைத்துனன் கேட்டான்:

"மீன் எப்படி இருக்கு மாமா?"

மனப்பாடம் செய்ததில் இதற்கு விடை இல்லை. மீனைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிடலாம், அது எளிது. அவன் கத்தரிக்கோலுக்குக் கீழே ஒருவர் வேறு போர்வைக்குள் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போயிற்று.

எனக்குக் கேட்கவில்லை. வாசகரே, போர்வைக்குள் இருந்தவர் நீங்கள்தாம். சொல்லுங்கள்.