இழுத்தாலும் கிழியாத பனியன்

முட்டி விலகிப்போன பிறகு செல்லக்கண்ணு திருவெள்ளறை சடுகுடு அணியில் ஒட்டிக்கொண்டிருக்க ஒரே வழிதான் மிச்சம் இருந்தது: சாமான் வாங்குவது. பந்தயத்துக்குப் போக வண்டி பேசுவது, எலுமிச்சம்பழம் வாங்குவது, காயத்துக்கு மருந்து வாங்குவது எல்லாம் அவன் பொறுப்பு. ஆடுகிறவர்கள் ஏழு பேர், மாற்றுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று பேர், இவன் பதினொன்றாவது ஆள். பதினொன்றாவது ஆள் இல்லாமலும் ஆட்டம் அதுபாட்டுக்கு நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அதுதான் பயம்.

பயத்துக்குக் காரணமும் உண்டு. போன வருஷம் முக்கொம்பில் நடந்த ஆட்டத்துக்கு நடைபாதைக் கடையில் பத்து சிவப்புப் பனியன் வாங்கி வந்திருந்தான். கால்மணி நேரம் ஆடி வியர்த்ததும் சாயம் இறங்கிவிட்டது. அம்பயர் ரத்தம் என்று நினைத்து விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணிக்காரனே பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். விஷயம் தெரிந்ததும் கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இது 1961. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாலிபர் சங்கம் பந்தயம் வைத்து, நோட்டீசிலேயே கறாராகப் போட்டுவிட்டது. வெறும் உடம்போடு வந்தால் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை; எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் நம்பர். கேப்டன் அழகர்சாமி நோட்டீசை மடித்துச் செல்லக்கண்ணு கையில் கொடுத்தான்.

“இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வச்சுக்க, அப்புறம் நீ வரவே வேணாம். தங்கையன் பாத்துக்கட்டும் இந்த வேலைய.”

தங்கையன் மாற்று ஆட்டக்காரன். செல்லக்கண்ணு அவனையே சாட்சிக்கு அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினான். பெரிய கடைவீதியில் முதலில் நுழைந்த மொத்தக் கடையில், பன்னிரண்டு டஜனுக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த கடைக்காரர் வாய் நிறையச் சிரித்து, அருமையான பனியன் ஒன்றைக் காட்டினார். “இதையே கொடுங்க” என்றதும், “இது சாம்பிளுங்க, சரக்கு கொஞ்சம் வேற மாதிரி வரும்” என்றார். மூன்றாவது கடையில் நாளை வா என்றார்கள். அந்த நாளை, நாலு முறை நடந்தும் வரவில்லை. தங்கையன் அலுத்துப்போனான். செல்லக்கண்ணுவுக்கு அலுத்துக்கொள்ள வசதி இல்லை.

கடைசியில் ஒரு சந்துக்குள் ஜெகபர் அலியின் கடை அகப்பட்டது. அறுபது வயதிருக்கும் அவருக்கு, அதிகம் பேசாதவர். நீலப் பனியன் ஒன்றை எடுத்து, ஓரத்தை நனைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துப் பிழிந்து காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

“சாயம் சரிங்க பாய். கிழியுமா?”

“இழுத்துப் பாருங்க தம்பி.”

செல்லக்கண்ணு ஒரு பக்கம், தங்கையன் மறுபக்கம். சடுகுடுக்காரர்கள் அல்லவா, சும்மா இழுப்பார்களா? காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார்கள். கடைக்கு வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பனியன் நீண்டதே தவிர ஒரு நூல் பிரியவில்லை. செல்லக்கண்ணுவின் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது.

“அந்தக் கட்டு என்ன பாய், மஞ்சளா இருக்கு?”

“காட்டூர் டீம் சொன்னது. மெல்லிசு, கைபட்டாலே கிழியும். சொல்லிட்டேன். வெலை கம்மியா இருந்தாப் போதும்னுட்டாங்க. உங்களுக்குத் திருப்பூருக்கு எழுதி, நம்பரும் தைச்சு, பத்து நாள்ல தரேன், இன்ஷா அல்லா.”

சரியாகப் பத்தாம் நாள் தந்தார். நம்பர்கூடக் கோணவில்லை. பிரித்துப் பார்த்த அழகர்சாமி உடனே ஒன்றாம் நம்பரை மாட்டிக்கொண்டான். அவனிடம் அதுவே பெரிய சர்டிபிகேட்.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது காட்டூர். அழகர்சாமி பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். காட்டூர் கேப்டன் வெள்ளைச்சாமி பின்னாலிருந்து பாய்ந்தான். பிடித்தது காலையும் இல்லை, இடுப்பையும் இல்லை. பனியனை, ஒரு கைப்பிடி; அது கூடாது என்று நோட்டீசில் இல்லை. பனியன் நீண்டது, நீண்டுகொண்டே போனது, கிழியவில்லை. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் அழகர்சாமிக்கு மூச்சு விட்டுப்போனது. திருவெள்ளறைக்காரர்கள் காட்டூர்க்காரனைப் பிடித்தபோதோ, கையில் மஞ்சள் துணி மட்டும் மிஞ்சியது. ஆள் கோட்டைத் தாண்டிவிட்டான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. வெறும் உடம்பில் எண்ணெய் தடவி ஆடியே பழகிய கூட்டத்தில், பனியன் என்பது எதிரிக்குக் கொடுக்கிற பிடி என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

செல்லக்கண்ணு மணலைப் பார்த்தபடி நின்றான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. அவன் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. தன் கதை முடிந்தது என்று நினைத்தான்.

அப்போது வெள்ளைச்சாமி வந்தான். கோப்பை கையில், உடம்பில் பனியன் என்று சொல்ல ஒரு கழுத்துப் பட்டியும் இரண்டு தோளும் மட்டும். அழகர்சாமியின் பனியனை விரலால் தடவிப் பார்த்தான்.

“நல்ல சரக்குங்க. எங்க வாங்கினீங்க? எங்களோடத பாருங்க, வெளியில போட்டுக்கிட்டுப் போக முடியல, அவமானமா இருக்கு.”

செல்லக்கண்ணு நிமிர்ந்தான். தோற்றது, கோப்பை போனது எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. “நீங்க வாங்கின அதே ஜெகபர் அலி பாய் கடைதாங்க. திருப்பூர்லேருந்து வரவழைச்சுத் தரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேணும்னா நானே வந்து பாத்து எடுத்துத் தரேன்.”

“அடுத்த வருஷம் அதுதான்” என்று வெள்ளைச்சாமி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. திடீரென்று அழகர்சாமி தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான்.

“டேய், அவனுங்களுக்கும் இதையே மாட்டி விட்டுட்டான்டா! அடுத்த வருஷம் ஒருத்தனும் தப்ப மாட்டான். எம்மாம் பெரிய ஆளுடா நீ! இனிமே சாமான் வாங்குறது நீதான், வேற ஒருத்தனும் கை வைக்கக் கூடாது.”

பஸ் முழுக்கச் சிரித்தது. தங்கையன் செல்லக்கண்ணுவின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

நல்ல கடை எது என்று ஒருவன் கேட்டான், தெரிந்ததைச் சொன்னோம், அதில் என்ன தந்திரம்? இதைச் சொல்லத்தான் செல்லக்கண்ணு வாயெடுத்தான். அழகர்சாமியின் கை அவன் தோளைச் சுற்றிக் கிடந்தது. முட்டி போன நாளிலிருந்து அந்தக் கை அங்கே வந்ததில்லை.

வாயை மூடிக்கொண்டான்.